பித்தளையைத் தொட்டுப் பார்க்கும் கை

மேக்னா நதியில் எங்கள் ஸ்டீமர் நீரோட்டத்தை எதிர்த்து ஏறுகிறது. துடுப்புச் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரின் வெளிச்சம் இஞ்சின் அறைக் கூரையில் ஆடுகிறது. நீராவித் தண்டுகள் பெருமூச்சு விட்டுச் சுழல்கின்றன. எண்ணெய்க் குவளையோடு நிற்கும் மொஃபிஸ் பாய், தண்டு சுற்றிக் கீழே இறங்கும் கணம் பார்த்துக் கையை உள்ளே விட்டு, ஓடும் பித்தளை பேரிங்கைத் தட்டிவிட்டு எடுக்கிறார். அது சூடேறுகிறதா என்று நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். போன மழைக்காலத்தில் நீராவி பட்டு வெந்ததிலிருந்து அவருடைய உள்ளங்கைக்குச் சூடு தெரிவதில்லை. வெளியே தெரிந்தால் அவரைக் கரையில் இறக்கிவிடுவார்கள். அதனால் அவர் தொட்டதற்கு அடுத்த சுற்றில் நானும் கையை விட்டுத் தொடுகிறேன். "மொஃபிஸு, எப்படிய்யா இருக்கு?" என்று படியிலிருந்து இஞ்சினுக்குப் பொறுப்பான ஹரிபதா மிஸ்திரி கத்துகிறார். பாய் என் முகத்தைப் பார்க்கிறார். சூடில்லை என்று நான் கண்ணை மூடித் திறக்கிறேன். "உங்க மாமியா மனசு மாதிரி சில்லுனு இருக்கு மிஸ்திரி!" "என் மாமியாள ஏன்யா இழுக்கற?" சிரித்துக்கொண்டே படியேறும் மிஸ்திரி பாதியில் நின்று, என் பக்கம் குனிந்து, குரலைத் தணித்துச் சொல்கிறார்: "நீ லீவு போடறதா இருந்தா முன்னாடியே சொல்லிருடா. அன்னைக்கு நான் தொட்டுப் பாத்துக்கறேன்."