இரவல் வேல்

"ஒரு வருஷத்துக்குள்ள பச்சை குத்திருக்கீங்களா? காது குத்துனது, அலகு குத்துனது?"

வெள்ளைக் கோட்டுப் பெண் நிமிராமல் கேட்டாள். ரத்தம் கொடுக்க வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

அதுவரை அவன் பரீட்சைக்குப் படித்தவன் மாதிரி டக்டக்கென்று சொல்லிக்கொண்டு வந்தான். சர்க்கரை இல்லை. வலிப்பு இல்லை. மாத்திரை எதுவும் போடவில்லை. ராத்திரி நல்ல தூக்கம். காலையில் வயிறு நிறைய இட்லி. எடை போதும், பிரஷர் போதும், விரலில் குத்திப் பார்த்ததில் ரத்தமும் முதல் தரம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

இருக்காதா பின்னே?

தங்கை செல்லக்கனிக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பிரசவத்தில் ரத்தம் நிறையப் போகும் என்று டாக்டரம்மா ஏழாம் மாதமே எச்சரித்திருந்தாள். செல்லக்கனிக்கோ லேசில் கிடைக்காத ரத்த வகை. குடும்பத்தில் அவன் ஒருவனுக்குத்தான் அதே வகை. அன்றையிலிருந்து அவனைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா மாதிரிதான் வளர்த்தார்கள். முருங்கைக்கீரை, ஈரல், பேரீச்சம்பழம். மாப்பிள்ளை இசக்கிதுரை சாயங்காலமானால் போன் போட்டுவிடுவான். "மச்சான், கடைப்பக்கம் போகலைல்ல?"

போகவில்லை. தங்கை கழுத்தில் தாலி ஏறிய நாளில்கூடக் குடித்தவன், அவளுக்காக விட்டுவிட்டான்.

"சார்?"

கன்னம் குறுகுறுத்தது. தழும்பு தாடிக்குள் இருந்தது.

ஆடி மாதம் அலகு குத்தினான். அதுவும் அவளுக்காகத்தான். இரண்டு தடவை தங்காமல் போன வயிறு. இந்தத் தடவை ஐந்தாம் மாதம் தாண்டட்டும், வாயில் வேல் போடுகிறேன் என்று அம்மனிடம் சொல்லியிருந்தான். தாண்டியது.

குத்துகிற அன்றைக்குப் பார்த்து அவசரத்தில் வேல் வீட்டிலேயே தங்கிவிட்டது. மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றுகொண்டு திருதிருவென்று விழித்தான். அப்போதுதான் சுற்றி வந்து அலகைக் கழற்றிய வெயிலுமுத்து, "இதுல என்ன இருக்கு, இந்தா" என்று தன்னுடையதை நீட்டினான். பூசாரி அதை எலுமிச்சம்பழத்தில் ஏற்றி இறக்கினார். திருநீறு போட்டுத் துடைத்தார். இவன் கன்னத்தில் ஏற்றினார்.

சொட்டு ரத்தம் வரவில்லை. ஊரே மெச்சியது.

போன வாரம் வெயிலுமுத்துவைப் பார்க்க இளநீர் வாங்கிக்கொண்டு போயிருந்தான். கண்ணெல்லாம் மஞ்சள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். அப்போது இவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது தோன்றியது.

"எதுக்குக் கேக்குறோம்னா, கிருமி இருந்தா மெஷின் காட்டிரும். ஆனா எல்லா நேரமும் காட்டும்னு சொல்ல முடியாது. நீங்க சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும்."

ஆபரேஷன் நாளைக் காலை. ரத்தம் கைக்கு வராமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் போன் போட்டு ஓய்ந்திருந்தான். கடைசியில், நமக்குத்தான் மச்சான் இருக்காரே என்று விட்டுவிட்டான்.

"இல்ல" என்றான் அவன்.

அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

கட்டிலில் படுத்தான். ஊசி ஏறியது. கையில் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி விட்டான். குழாயில் ரத்தம் நிதானமாக இறங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் எல்லாம் ஒரே சிவப்புதான்.

தனக்கும் வந்திருக்குமோ என்ற பயம் அப்போதுதான் எட்டிப்பார்த்தது. அதை ஓரமாகத் தள்ளினான். அம்மன்மேல் கோபம் வந்தது. கோபம் வந்ததற்குப் பயமும் வந்தது. உன்னிடம் கேட்டது அவளுக்காகத்தானே என்று மனசுக்குள் சண்டை போட்டான்.

போன் அடித்தது. மாடி வார்டிலிருந்து செல்லக்கனி.

"அண்ணே, சாப்ட்டுட்டுத்தான படுத்திருக்க? வெறும் வயித்துல குடுத்தா மயக்கம் வரும்ணே."

நாளைக்கு வயிற்றைக் கிழிக்கப்போகிறார்கள். இவள் இவனுடைய இட்லியைப் பற்றிக் கவலைப்படுகிறாள்.

"சாப்ட்டேன்த்தா."

"உன் ரத்தம்னு சொன்னப்புறம்தான் எனக்குப் பயமே போச்சு."

அவன் போனை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தான்.

பை நிறைந்தது. வெள்ளைக் கோட்டுப் பெண் குழாயை முடிச்சுப் போட்டாள். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தாள். கையை மடக்கிக்கொள்ளச் சொன்னாள். பையை ஏந்திக்கொண்டு உள்அறைக்குத் திரும்பினாள்.

"மேடம்."

நின்றாள்.

"அத அவளுக்குக் குடுக்காதீங்க." எழுந்து உட்கார்ந்தான். "யாருக்குமே குடுக்காதீங்க."

அவள் பையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் தாடியை விலக்கிக் கன்னத்தைக் காட்டினான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாப்பிள்ளை இசக்கிதுரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே பேசியது அங்கே கேட்டிருக்காது. அவனுக்கு நிறைந்த பை மட்டும்தான் தெரிந்தது.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, மச்சானைப் பார்த்துக் கும்பிட்டான்.