பேக்கிங் ஹாலில் ஒத்திகை

மூடிப்போன சோப்புத் தொழிற்சாலை கலை மன்றமாக மாறிக்கொண்டிருக்கிறது. பேக்கிங் ஹாலில் ஒரு பாதிச் சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாயிற்று. மறுபாதியில் இன்னும் சோப்பு வாசனை அடிக்கிறது. இருபது வருஷம் இங்கே பெட்டி அடுக்கியவர், இன்று மனைவியின் தண்ணீர் பாட்டிலோடு வாசலருகே நிற்கிறார். அவள் நாடக ஒத்திகையில் இருக்கிறாள். வேலை முடிந்து வீடு திரும்பும் கணவனாகத் தெருமுனை டெய்லர் வருகிறார். அவர் தோளிலிருந்து பையை இறக்கி, "ஏங்க, முகமெல்லாம் வாடிப்போயிருக்கே?" என்கிறாள் அவள். உயரத்து ஜன்னல் வழியே மாலை வெயில் அவள் கன்னத்தில் விழுகிறது. அப்படியொரு குரலை இவர் வீட்டில் கேட்டதே இல்லை. பாட்டில் மூடியை இன்னும் இறுக்கித் திருகுகிறார். இடைவேளையில் அவள் தண்ணீர் குடிக்க வருகிறாள். "எப்படி இருந்துச்சு?" "அந்தாளு வேலைக்குப் போயிட்டு வந்தவன் மாதிரியா இருக்கான்? கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த மாதிரில்ல இருக்கான்!" "அப்ப நீங்களே செஞ்சு காட்டுங்க." இவர் அந்தப் பையை மாட்டிக்கொண்டு வெளியே போய், தோளைத் தொங்கப்போட்டபடி உள்ளே வருகிறார். அவள் பையை வாங்குகிறாள், வாயைத் திறக்கிறாள், குபீரென்று சிரித்துவிடுகிறாள். "போங்க, உங்களப் பாத்தா வசனமே வரமாட்டேங்குது." ஹாலே சிரிக்கிறது. டெய்லர் மட்டும் சிரிக்காமல், இவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்து மரியாதையாகத் தலையைத் தாழ்த்திக்கொள்கிறார். அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை.