கம்பளி மார்பகங்கள்

துறைமுக வீதியோர மண்டபத்தின் வாசலில் காலை வெயில் ஏறுகிறது. புற்றுநோய் நிதிக்காகச் சுஹைராவும் இன்பமலரும் அங்கே போட்டிருக்கும் கைவினைக் கடையில், பைகளுக்கும் தொப்பிகளுக்கும் முன்னால் கம்பளி நூலில் பின்னிய மார்பகங்கள் வரிசையாக இருக்கின்றன. சத்திரசிகிச்சையில் மார்பை இழந்தவர்கள் சட்டைக்குள் வைப்பதற்கானவை. மண்டபப் பொறுப்பாளர் பேணாட் அவற்றுக்கு முன்னால் ‘ஊசி குத்தும் மெத்தை’ என்று எழுதிய அட்டையைச் சாய்த்து வைக்கிறார். “ஆக்கள் பார்க்கினம், பிள்ளையள்.” “பார்க்கத்தானே அண்ணை கடை போட்டனாங்கள்,” என்கிறாள், இன்னொன்றுக்குப் பஞ்சு அடைத்தபடியே சுஹைரா. இன்பமலர் அட்டையை எடுக்கிறாள். “எனக்குக் குத்தின ஊசியள் போதாதோ, அண்ணை?” அதைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுகிறாள்: ‘மார்பகம். நானும் இதைத்தான் வைத்திருக்கிறேன். இன்பமலர்.’ பிறகு அட்டையை வீதியைப் பார்க்கும்படி நிமிர்த்தி வைக்கிறாள்.