மரங்கொத்தி போன இடம்

காட்டில் நடக்கும் பந்தயங்களைப் பற்றியெல்லாம் பெரிய ஆலமரத்துப் பட்டையில் எழுதிவந்தது ஒரு மரங்கொத்தி. அதைப் படிக்காவிட்டால் அணிலுக்குப் பொழுதே விடியாது. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், புதிதாக ஒரு வரிகூட இல்லை.

"உனக்கு விஷயமே தெரியாதா?" என்றது தவளை. "ஜெயித்தவர்களைப் பற்றி மட்டும் எழுது என்று ஆலமரத்துக்குச் சொந்தக்காரரான மயிலார் சொன்னாராம். முடியாது என்று மரங்கொத்தி கிளம்பிவிட்டது."

அணில் பட்டையிலிருந்த பழைய வரிகளைத் தடவிப் பார்த்தது. போன மாத ஓட்டத்தில் கடைசியாக வந்த தன்னைப் பற்றி மரங்கொத்தி பத்து வரி எழுதியிருந்தது.

"இந்த மரத்தை விட்டுவிட்டால் அது எழுதுவதை யார் படிப்பார்கள்?" என்றது தவளை.

"நாம் இரண்டு பேர் போதாதா? வா, தேடுவோம்!"

உச்சிவெயிலில் ஓடைக்கு அக்கரையிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது. ஓடினார்கள். பட்டுப்போன பனைமரம் ஒன்றைச் சுற்றி நிற்க இடமில்லாத கூட்டம்! முயல், கொக்கு, நத்தை எல்லோரும் முண்டியடித்தார்கள்.

"பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. யாராவது சத்தமாகப் படியுங்களேன்!" என்று ஒரு குரல் கெஞ்சியது.

அணில் விறுவிறுவென்று மரத்தில் ஏறி, தொண்டை கிழியப் படித்தது: "நேற்றைய நீச்சலில் கடைசியாகக் கரையேறிய ஆட்டுக்குட்டி..."

எழுந்த ஆரவாரத்தில் அடுத்த வரி யாருக்கும் கேட்கவில்லை. அணில் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து படித்தது.