ஒரு நொடி தாமதம்

“வெல்ஷா? எனக்கு மறந்துபோச்சுங்க” என்று ஆங்கிலத்தில் சொன்னான் யெஸ்டின்.

மகளைச் சேர்க்க வந்தவர்களிடம் வெல்ஷ் பள்ளியின் தலைமையாசிரியை ஆசையாக வெல்ஷ் மொழியில்தான் நலம் விசாரித்திருந்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மனைவி ஸ்டெல்லாவுக்கு மானம் போனது.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வெடித்தாள்.

“மறந்துபோச்சா? நேத்து உன் அக்காகூட போன்ல ஒரு மணி நேரம் பேசினியே, அது எந்த பாஷை?”

“மாப்லியை இங்கிலீஷ் ஸ்கூல்லயே போட்டுடலாம். வீட்டுக்கும் பக்கம்.”

பின் சீட்டில் மூன்று வயது மாப்லி, பள்ளியில் கொடுத்த பிஸ்கட்டை மும்முரமாகக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் லிவர்பூல்காரி. எனக்கு வெல்ஷ்ல ஒரு வார்த்தைகூட வராது. புள்ள வெல்ஷ் படிக்கட்டும்னு நான் கெஞ்சறேன். இந்த வெல்ஷ் மண்ணுலயே பொறந்து வளர்ந்த நீ வேணாங்கற!”

யெஸ்டின் வண்டியைக் கிளப்பினான். ரெக்ஸம் கடைத்தெருவைத் தாண்டும் வரை அவளும் விடவில்லை.

“வெட்கம். சொந்த பாஷை பேசினா மட்டமா நினைப்பாங்கன்னு வெட்கம். அதானே?”

யெஸ்டின் காரை ஓரங்கட்டினான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

“எங்கப்பா பர்மிங்காம்காரர், தெரியுமில்ல?”

“அதுக்கென்ன இப்போ?”

“சாப்பிடறப்போ அம்மாவும் நாங்க மூணு பிள்ளைங்களும் வெல்ஷ்லதான் பேசுவோம். எதையாவது சொல்லி விழுந்து விழுந்து சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார். ஆனா ஒரு நொடி கழிச்சுத்தான். எங்க மூஞ்சியைப் பார்த்துட்டு, ஒண்ணும் புரியாமலே சிரிப்பார். சாகிற வரைக்கும் அப்படித்தான். அவர் போனப்புறம்தான் எனக்கு அது உறைச்சது.”

ஸ்டெல்லா திரும்பிப் பின் சீட்டில் இருந்த மகளைப் பார்த்தாள்.

“மாப்லி என்கிட்ட வெல்ஷ்ல பேச ஆரம்பிச்சா, என்னால பதில் பேசாம இருக்க முடியாது, ஸ்டெல்லா. அப்புறம் சாப்பாட்டு மேஜையில நீ...”



ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சினாள். அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“வண்டியைத் திருப்பு.”

“எங்கே?”

“ஸ்கூலுக்குத்தான். பெரியவங்களுக்கும் சாயங்கால வகுப்பு இருக்குன்னு சுவத்துல ஒட்டியிருந்தாங்க. அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்தே பேர் கொடுத்துடலாம். நான் படிச்சுத் தேறுற வரைக்கும் வீட்ல ஒருத்தரும் ஜோக்கடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!”