குளியலறை ஆடு

"ம்மேஏஏ...!"

குளியலறைக்குள்ளிருந்து வந்த கத்தலில், நவாலின் கையிலிருந்த புதினாத் தேநீர் தளும்பியது. 'பசுமைத் தட்டு' சங்கத்தின் தலைவி அவள். பதவி விலகப் போகிறாள். அடுத்த தலைவர் ஸுஹைர்தான் என்ற கடிதத்தை நேரில் கொடுத்து அசத்தலாமென்று, சொல்லாமல் கொள்ளாமல் அவன் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"ஸுஹைர், என்ன சத்தம் அது?"

ஸுஹைரின் முகம் வெளுத்தது. கறியை விட்டால்தான் பூமி பிழைக்கும் என்று மூன்று வருடமாகக் காசாபிளாங்கா முழுக்க முழங்கியவன் அவன். ஒரு கிலோ கறிக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் தண்ணீர் செலவு என்று கல்யாணப் பந்தியிலேயே எழுந்து நின்று பேசியவன்.

மறுபடி மூன்று கத்தல், ஒரு இருமல். கொஞ்சம் அமைதி. திரும்பவும் மூன்று கத்தல், ஒரு இருமல்.

"விளக்கமா சொல்றேன் நவால்..." என்று அவன் எழுவதற்குள், வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, ஹஜ் போய் வந்த மாடி வீட்டுப் பெரியம்மா ஹாஜா ஸொஹ்ரா வந்துவிட்டாள்.

"நாளைக்கு பக்ரீத் பெருநாள். கசாப்புக்காரர் காலைல எங்க வீட்டுக்கு வர்றார். இங்கயும் அனுப்பட்டுமா தம்பி?" அவள் கண் குளியலறைக் கதவிலேயே இருந்தது. "போன வருஷம் நீங்க ஆடு வாங்கலைன்னதும், பாவம், வேலை போயிடுச்சோன்னு கட்டடமே கவலைப்பட்டுச்சு. நாலு வீட்லருந்து கறி கொடுத்தனுப்பினோமே!"

ஸுஹைரின் காது சிவந்தது.

"வேண்டாம் ஹாஜா. இன்னிக்குச் சாயங்காலமே மெக்னேஸுக்கு, என் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டு போயிடறோம்" என்றாள் அவன் மனைவி கிஸ்லான், சட்டென்று.

நவால் கடிதத்தைக் கையில் எடுத்தாள். "ஒரே கேள்வி ஸுஹைர். உள்ள இருக்கறது ஆடா, இல்லையா?"

பதிலுக்கு ஹாஜாவும் காத்திருந்தாள்.

அவன் கடிதத்தைப் பார்த்தான். ஹாஜாவைப் பார்த்தான்.

"ஆடுதான். நல்லா கொம்பு வெச்ச கிடா."

கடிதம் நான்காகக் கிழிந்தது. "நீங்க பூமியைக் காப்பாத்தினது போதும்!" என்று நவால் படியிறங்கினாள்.

"கொம்பு வெச்சதா! மாஷா அல்லாஹ்!" என்று ஹாஜா படியேறினாள், வீடு வீடாகச் சொல்ல.

கிஸ்லான் கதவைத் தாழிட்டாள்.

"மரம் மாதிரி நிக்காதீங்க. குளியலறைல இருக்கற ஃபோனை எடுத்து சார்ஜ்ல போடுங்க, ஆடு சாயங்காலம் வரைக்கும் கத்தணும்!"