சொட்டை எடுத்த மாப்பிள்ளை

“ஊத்து கனகு, யோசிக்காத. கொதிக்கக் கொதிக்க அப்படியே மேல ஊத்து!”

கனகலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு குண்டானைச் சாய்த்தாள். பழங்காநத்தத்துச் சந்தில் ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. எதிர்வீட்டு மாயக்காள் பதறியடித்து வாசலுக்கு ஓடி வந்தாள்.

“அடியாத்தி, யாரு மேலம்மா ஊத்துறீக?”

“கார் மேலக்கா. இவரு வைத்தியம் பாக்குறாரு.”

காரின் பின்பக்க பம்பரில், இடது மூலையில், அரைத் தேங்காயைப் பொருத்தி வைக்கலாம் போல ஒரு சொட்டை. செல்வக்குமார் தரையில் மல்லாந்து படுத்து, அடியில் கையை விட்டு உள்ளேயிருந்து வெளியே தள்ளினான். பிளாஸ்டிக் கையைப் பொசுக்கியதுதான் மிச்சம். சொட்டை அசைவேனா என்றது.

“செல்போன்ல ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே ரெண்டே நிமிசத்துல எடுக்குறான். அவன் மட்டும் என் கைல கெடைச்சான்னா...” என்று கையை உதறினான்.

கார் மாமனார் சோணையுடையது. வாங்கி இன்னும் பளபளப்புக்கூடப் போகவில்லை. கீழக்குயில்குடியில் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்காகக் காலையில் இரவல் வாங்கி, போய்விட்டு வந்து இறங்கியபோதுதான் சொட்டை கண்ணில் பட்டது. சாயங்காலம் மாமனாரும் மச்சினனும் வண்டியூரிலிருந்து வண்டியை எடுக்க வருகிறார்கள்.

“நெசத்தைச் சொல்லுங்க. ரிவர்ஸ் எடுக்கும்போது எதுலயாவது இடிச்சீகளா?”

“இல்லங்கிறேன்ல! நிப்பாட்டியிருந்தப்ப எவனோ இடிச்சுட்டு ஓடிட்டான்.”

“உங்க கைல குடுத்து எதுதான் உருப்படியாத் திரும்பி வந்திருக்கு?”

அவள் சொன்னதில் தப்பில்லை. தலை தீபாவளிக்குப் போனவன் மாமனார் வீட்டு மிக்சியைப் புகைய விட்டான். அடுத்த பொங்கலுக்குத் தோட்டத்து மோட்டார் அவன் சுவிட்சைப் போட்ட நேரம் பார்த்துக் கருகியது. இரண்டுக்கும் மாமனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெற்ற மகன் டம்ளரைக் கீழே போட்டாலே தெருவைக் கூட்டி வைகிற மனுஷன் அவர். ஆனால் பெண் கொடுத்த மாப்பிள்ளையை எப்படி வைவது? சும்மா ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்புத்தான் செல்வக்குமாருக்கு ஆகவே ஆகாது. அதிலிருந்து அந்த வீட்டு விசேஷத்தில் அவன் சாம்பார் வாளியைத் தொட்டால்கூட, “நீங்க உக்காருங்க மாப்ள” என்று யாராவது ஓடிவந்து பிடுங்கிக்கொள்கிறார்கள்.

இந்தக் காரும் லேசில் கிடைத்துவிடவில்லை. மாமனார் பிடி கொடுக்காமல் இருந்தபோது, மச்சினன் அருள்பாண்டிதான் பரிந்து பேசினான். சீப்பைக்கூட இரவல் தராத பயல், விடியக்காலையில் தானே ஓட்டி வந்து, பின்பக்கம் சுவரோடு ஒட்ட நிறுத்தி, சாவியைக் கையில் திணித்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறப் போய்விட்டான். அப்பேர்ப்பட்டவன் முகத்தில் எப்படி முழிப்பது?

“இந்த ஒண்ணையாவது முழுசாத் திருப்பிக் குடுத்துறணும் கனகு. இதுலயும் கோட்டை விட்டேன், அந்த வீட்டு வாசப்படிய மிதிக்கவே எனக்கு மனசு வராது.”

கனகலட்சுமி உள்ளே போய் அடுப்பில் அடுத்த குண்டானை ஏற்றினாள்.

அதற்குள் அவன் கக்கூஸ் அடைப்பு எடுக்கிற ரப்பரைக் கொண்டுவந்து, சொட்டையில் அமுக்கி, பல்லைக் கடித்து இழுத்தான். குச்சி மட்டும் கையோடு வந்தது. ரப்பர் பம்பரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மாயக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிரிங்க, நல்லாச் சிரிங்க! எல்லாம் என் நேரம்!” குச்சியைச் சாக்கடையில் விட்டெறிந்தான்.

“தள்ளுங்க அங்கிட்டு,” என்று ரப்பரைப் பிய்த்தெடுத்தாள் கனகலட்சுமி. “இம்புட்டுப் பெரிய கை எப்படி உள்ள நொழையும்? நீங்க ஊத்துங்க, நான் தள்ளுறேன்.”

கரித்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் நிதானமாக ஊற்றினான். அவள் அடியிலிருந்து ஒரே குத்து.

டொப்!

சொட்டை போன இடம் தெரியவில்லை. பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆறவைத்து, துடைத்து, விரலால் தடவிப் பார்த்தான். வழுவழுவென்று இருந்தது. நடுத்தெருவில் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றதைப் பார்க்காதது மாதிரி மாயக்காள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆட்டோ வந்து நின்றது. இறங்கியதுமே அருள்பாண்டி, “வண்டிய நல்லாச் சுத்திப் பாத்து வாங்குங்கப்பா,” என்றான். செல்வக்குமார் ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

சோணை முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், பின்னால் வந்து குனிந்தும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை.

“குடுத்த மாதிரியே கொண்டாந்துட்டீக மாப்ள. இனிமே எப்ப வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க,” என்று அவன் தோளைத் தட்டினார். செல்வக்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அருள்பாண்டி மட்டும் பின்பக்கம் இடது மூலையில் குத்தவைத்து, பம்பரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். நம்ப முடியாமல் தலையைத் தூக்கினான்.

“நேத்து இங்கன இருந்த சொட்டை எங்க மச்சான்?”